தூக்குவாளியும் நாத்தனார் முடிச்சும்

1

இன்று என் தம்பி குத்தாலிங்கத்துக்கு முதல் கல்யாண நாள். காலையில் டிராமில் தொங்கிக்கொண்டு வரும்போது கைபேசி அதை நினைவுபடுத்தியது. சந்தோஷம் வருவதற்கு முன்னால் எனக்கு அலுப்புதான் வந்தது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வடக்கு ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரத்தில் இருக்கிறேன். வந்து பல வருஷம் ஓடிவிட்டது. வந்த புதிதில் என்றால் பனி, ரொட்டிக்கடை, ரயில் நேரம் என்று சுவையாக நாலு பக்கம் எழுதியிருப்பேன். இப்போது அதெல்லாம் கண்ணில் படுவதே இல்லை. காலையில் எழுந்து, பையன் ஆதிக்கு ரொட்டியில் எதையாவது தடவி வைத்துவிட்டு, வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் கிளம்பி, சாயங்காலம் திரும்பித் துணி காயப்போடுகிறேன். துணி காயாது. அது தனிக்கதை.

வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் என் பெயர் ஃப்ராவ் சுடலைமுத்து, அதாவது திருமதி சுடலைமுத்து. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டேன். அவர் தென்காசியில் போலீஸ் ஏட்டாக இருந்தவர், கண்ணை மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இங்கே காலையிலிருந்து சாயங்காலம் வரை அவரைத்தான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன். இசக்கியம்மாள் என்ற சொந்தப் பெயரை ஆரம்பத்தில் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். அவர்கள் வாயில் அது படும் பாட்டைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

2

எனக்கு என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால் அம்மா, மகள் ராக்கெட் விடுகிறாள் என்று சொல்லிவிடுவாள். ராக்கெட்டை நான் கிட்டத்தில் பார்த்ததுகூடக் கிடையாது. நான் செய்வது ஒரு பாத்திரம்.

பூமியைச் சுற்றிவரும் சின்ன செயற்கைக்கோள் ஒன்றுக்குள் வைத்து அனுப்ப வேண்டிய பாத்திரம். அதற்குள் தண்ணீர், வேலம்பாசி என்கிற குளத்துச் செடி கொஞ்சம், மிளகு அளவில் சில நத்தைகள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், சூரியனுக்குப் பதிலாக ஒரு விளக்கு. மூடியைப் போட்டு இறுக்கிவிட்டால் அதற்கப்புறம் உள்ளே ஒன்றும் போகக்கூடாது, வெளியே ஒன்றும் வரக்கூடாது. பாசி விடும் மூச்சில் நத்தை பிழைக்க வேண்டும். நத்தை கழிப்பதை நுண்ணுயிர்கள் பிரித்துக் கொடுக்க, அதைத் தின்று பாசி வளர வேண்டும். ஒருநாள் மனிதர்கள் நெடுந்தூரம் போய் அங்கேயே இருப்பது என்றால் மூச்சுக்கும் சோற்றுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும். அதற்கு இது முதல் அடி என்று எங்கள் தலைவர் ஹோல்கர் பெரிய பெரிய கூட்டங்களில் பேசுவார்.

பாத்திரம் உருளையாக, மேலே ஒரு பிடியோடு, நாம் பால் வாங்கக் கொண்டுபோகும் தூக்குவாளி அளவில்தான் இருக்கும். முதல் மாதிரி வந்து இறங்கியபோது என்னையறியாமல் தூக்குவாளி என்று சொல்லிவிட்டேன். கூட வேலை பார்க்கும் ஹைகே என்ற பெண் அதைப் பிடித்துக்கொண்டாள். இப்போது கூடம் முழுக்க அதற்கு 'டூக்கு' என்றுதான் பேர். என் பெயர் நுழையாத வாயில் தூக்குவாளி பாதியாவது நுழைந்ததே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

இதில் உயிரை வாங்குவது அளவுதான். நத்தை நாலு கூடினால் பாசி மொட்டையாகிவிடும். குறைந்தால் பாசி மண்டி, அழுகி, தண்ணீர் நாறிவிடும். விளக்கு கொஞ்சம் அதிகம் எரிந்தாலும் போச்சு. குளத்தில் இதையெல்லாம் யாரும் அளந்து போட்டதில்லை, அது பாட்டுக்குக் கிடக்கிறது. அதை ஒரு வாளிக்குள் அடைக்க எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது.

3

அங்கே மேலே எதுவும் விழாது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் மூளையில் இது ஏறுவதற்கு நாளாயிற்று.

நான் போட்ட முதல் வரைபடத்தில், விளக்குச் சூட்டில் தண்ணீர் ஆவியாகி மூடியில் படிந்து, சொட்டுச் சொட்டாகப் பாசிமேல் விழும். அந்த இடத்துக்குச் சாரல் என்று தமிழிலேயே எழுதிவைத்திருந்தேன். ஹோல்கர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், இதில் கீழ்ப்பக்கம் எது என்று கேட்டார். படித்த படிப்பெல்லாம் படித்துவிட்டு, தண்ணீர் என்றால் விழும் என்றே கை வரைந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து ஆதியிடம் சொன்னால், இது எங்கள் ஆறாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறதே என்று பாதித் தமிழில் சொல்லிவிட்டுக் காதில் மாட்டியிருந்ததை மறுபடி மாட்டிக்கொண்டான்.

மேலே தண்ணீர் எது கிடைத்தாலும் அதை ஒட்டிக்கொண்டு நிற்கும். பாசி விடும் மூச்சுக்குமிழி மேலெழும்பாமல் இலையையே போர்வை மாதிரி சுற்றிக்கொள்ளும். அப்புறம் நத்தைக்கு எங்கே மூச்சு? கடைசியில் உள்சுவர் முழுக்க ஒரு சன்ன வலையைப் பதித்தோம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத் தண்ணீர் அதில் தானாக ஏறி ஓடும். குமிழிகளும் ஒரு பக்கமாக ஒதுங்கும். வேலை முடிந்தது. ஆனால் சாரல் என்று எழுதிய இடத்தை அழிக்க எனக்கு மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

4

இந்த நேரத்தில்தான் தம்பிக்குப் பெண் அமைந்தது. நம் பக்கத்தில் இப்போது ஆண்பிள்ளைகளுக்குப் பெண் தேடுகிற பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குத்தாலிங்கம் கடையம் ஸ்டேஷனில் ஏட்டு, அரசாங்கச் சம்பளம், கெட்ட பழக்கம் கிடையாது. இருந்தும் ஜாதகம் அலைந்த அலைச்சலில் நாற்பதை எட்டிப் பிடிக்கப் போனான். போலீஸ் வேலையில் பொழுது கிடையாது என்பார்கள், மாமியார் மட்டும்தானா வீட்டில் என்பார்கள், நாத்தனார் வெளிநாட்டில் இருக்கிறாளாமே, அவள் வந்து அதிகாரம் பண்ணுவாளா என்றும் ஒரு வீட்டில் கேட்டார்களாம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சுந்தரபாண்டியபுரத்தில் ராமலெட்சுமி அமைந்தாள். தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. அவள் அப்பா சூரியகாந்தி போட்டிருக்கிறார். விளைச்சலைவிட வயலுக்குள் இறங்கி போட்டோ எடுக்கிறவர்களோடுதான் அவருக்குப் பாடு அதிகம். ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். அம்மா போனில் முதலில் அழுதாள். அப்புறம் சொன்னாள்:

"ஏட்டி, தம்பி ஒரு முடிச்சு போடுவான். மத்த ரெண்டும் நீதான் வந்து போடணும். ஒன் கைராசிலதான் அவன் வீடு நெறையணும்."

என் கைராசி எங்கள் தெருவில் பிரசித்தம். சின்ன வயசிலேயே முருங்கைக் கொம்பு ஊன்றுவதென்றால் பக்கத்து வீட்டார்கூட என்னைக் கூப்பிட்டு ஊன்றச் சொல்வார்கள். நான் வைத்தது பட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை. பட்டுப்போனதை யாரும் ஞாபகம் வைத்திருக்கமாட்டார்கள் என்பது இப்போதுதான் தோன்றுகிறது.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அப்புறம் ராக்கெட் விடுகிறவர்கள் தேதியை முன்னுக்கு இழுத்தார்கள். தூக்குவாளியை வெகு நாள் முன்னால் மூடிவைக்க முடியாது, உள்ளே இருப்பது கிழடுதட்டிவிடும். மூட வேண்டிய வாரமும் கல்யாண வாரமும் ஒன்றாகிவிட்டன.

5

இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை. ஹோல்கர் போகச் சொன்னார். தம்பி கல்யாணத்தில் நான் ஒரு முடிச்சுப் போட வேண்டும் என்று என் ஜெர்மனில் சொன்னேன். சாட்சிக் கையெழுத்து போடுவது போல ஏதோ என்று அவர் எடுத்துக்கொண்டார். இல்லை, நாத்தனார் என்று விளக்கப் போனேன். அவர்களுக்கு மனைவியின் தங்கை, கணவனின் அக்கா, அண்ணன் பெண்சாதி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல்தான் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் போய் நான் என்னத்தை விளக்க? போய்விட்டு வா, ஹைகே மூடுவாள் என்றார்.

அதற்கு முன்னால் சோதனைக்காக ஹோல்கர் மூடிய வாளியும் ஹைகே மூடிய வாளியும் இரண்டாவது வாரத்தில் அழுகிப்போயிருந்தன. நான் மூடியது மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. உனக்குப் பச்சைக் கட்டைவிரல் என்றார்கள், அது அவர்கள் ஊர்க் கைராசி. செயற்கைக்கோளில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம். வாளி செத்தால் திட்டத்தை மூடிவிடுவார்கள். ஹைகேக்கும் எனக்கும் வேலை அதோடு சரி. எனக்கு வேலை போனால் இங்கே இருக்கிற அனுமதியும் ஆட்டம் கண்டுவிடும், ஆதியின் படிப்பு நடுவில் நிற்கும்.

ஒரு கையை இரண்டு இடத்தில் கேட்டார்கள். நான் வாளியைத் தேர்ந்தேன். கைராசி என்று அம்மா சொன்னால் சிரிக்கிற நான், அதே கைராசியை நம்பித்தான் டிக்கெட்டை ரத்து செய்தேன்.

தம்பியிடம் போனில் சொன்னேன். அவன், "சரி விடுக்கா, வேலையப் பாரு. பேச்சிய முடிச்சு போடச் சொல்லிக்கிடுதோம்" என்றான். பேச்சி எங்கள் சித்தி மகள். செங்கோட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. என்னைவிடச் சின்னவள், தம்பிக்கு ஒரு வயது மூத்தவள். அவனுக்கு அவளும் அக்காதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

முகூர்த்தம் எங்களுக்கு விடியற்காலை. அடுப்படியில் உட்கார்ந்து கைபேசியில் பார்த்தேன். ஆதியை எழுப்பினேன், அவன் தலையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். மண்டபத்தில் பேச்சியின் வீட்டுக்காரர்தான் போனைப் பிடித்திருந்தார். கெட்டிமேளம் என்று சத்தம் கேட்டது, எல்லோரும் எழுந்தார்கள், அவரும் ஒரு கையால் அட்சதை போட்டார். போன் சாய்ந்து மேலே பார்த்தது. ராமலெட்சுமி கழுத்துக்குப் பின்னால் என் இடத்தில் பேச்சி குனிந்து முடிச்சுப் போட்ட நேரம் முழுக்க நான் மண்டபத்தின் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பகலில் போய் வாளியை மூடினேன். நன்றாகத்தான் மூடினேன்.

6

மூடிய வாரத்திலேயே ராக்கெட்டில் ஏதோ கோளாறு என்று தள்ளிப்போட்டார்கள். அப்புறம் இன்னொரு தரம் தள்ளினார்கள். நான் மூடிய வாளி அலமாரியில் இருந்தபடியே வயசாகி, அனுப்புவதற்கு லாயக்கில்லை என்றாகிவிட்டது. குளிர்காலத்தில் புதிதாக ஒன்றை மூட வேண்டி வந்தது.

அதற்குக் குறித்த நாளில் எனக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள், இருப்பு அட்டையைப் புதுப்பிக்க. அந்த நாளை விட்டால் அடுத்து எப்போது தருவார்கள் என்பது அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். காலையிலிருந்து வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மா, கல்யாணம் ஆன பிறகும் ஏன் கணவர் பெயரும் மகன் பெயரும் உங்கள் பெயரும் ஒன்றோடொன்று சேரவில்லை என்று கேட்டாள். அவர் பின்னால் அவர் அப்பா பெயர், மகன் பின்னால் அவர் பெயர், என் பின்னால் என் அப்பா பெயர் என்று விளக்கினேன். அப்படியானால் உங்கள் குடும்பத்துக்குப் பெயரே கிடையாதா என்றாள். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்த நேரத்தில் ஹைகே வாளியை மூடிக்கொண்டிருந்தாள். அதுதான் மேலே போயிற்று. இதோ இன்றுவரை உயிரோடு இருக்கிறது. நத்தைகள் குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகளும் வலைமேல் ஊர்ந்து போவதைப் படத்தில் பார்க்கிறோம். கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், உண்மையிலேயே சந்தோஷம்தான்.

முன்பு மற்றவர்கள் மூடியது ஏன் அழுகியது என்றும் ஹைகே கண்டுபிடித்துவிட்டாள். பாசி வளர்க்கும் தொட்டிகள் இரண்டு உண்டு. ஜன்னலோரத் தொட்டிப் பாசியை எடுத்தால் அழுகுகிறது, மூலைத் தொட்டிப் பாசி பிழைக்கிறது, இந்தத் தடவை அவள் எடுத்ததும் அதிலிருந்துதான். என் மேஜை மூலைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பதால் நான் எழுந்து போகச் சோம்பல்பட்டு எப்போதும் அதிலிருந்தே எடுத்திருக்கிறேன். அவ்வளவுதான் என் கைராசி. அவள் சொன்னபோது எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

7

இந்த ஆனியில் ஊருக்குப் போனேன். ஆதியும் வந்தான். வாசலிலேயே ராமலெட்சுமி வந்து பையை வாங்கி, "வாங்கக்கா" என்றாள். நல்ல பெண். ஜெர்மனியில் குளிருமா, ஆதிக்கு இட்லி ஒத்துக்கொள்ளுமா என்று பார்த்துப் பார்த்துக் கேட்டாள். எனக்கு மட்டும் புதுத் துண்டு, புது டம்ளர். காபிக்குச் சீனி எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள்.

அம்மாவுக்குத்தான் அது உறுத்தியது. புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சியைக் கூப்பிடுவது போல இவளையும் மதினி என்று கூப்பிடு என்று மருமகளிடம் மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண் முகம் சிவந்து, "அவ்வொ எப்பப் பேசினாலும் 'எங்க ஜெர்மனி அக்கா, ஜெர்மனி அக்கா'ன்னுதான சொல்லுதாவ, எனக்கும் அதுவே வாயில வந்துருச்சு அத்தே" என்றாள். அவ்வொ என்றது என் தம்பியை. பரவாயில்லை, அக்கா என்றால் என்ன குறைச்சல் என்று நான்தான் சமாளித்தேன். குறைச்சல்தான். ரோட்டில் வழி கேட்கிறவர்களும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சீசன் நல்ல சீசன். குத்தாலிங்கத்துக்கு அருவிக்கரையில் பந்தோபஸ்து டூட்டி, எங்களோடு வர முடியவில்லை. பேச்சி செங்கோட்டையிலிருந்து வந்தாள். ஆதியை ஆண்கள் பக்கம் பேச்சியின் வீட்டுக்காரரோடு அனுப்பிவிட்டு, ஐந்தருவியில் பெண்கள் பக்கம் பேச்சி, ராமலெட்சுமி, நான் என்று மூன்று பேரும் நின்றோம். கூட்டத்தில் நெருக்கியடித்துத் தலையைக் கொடுத்தேன். மண்டையில் தண்ணீர் விழுந்த விழுகையில் எனக்கு வேறு எதுவும் ஞாபகம் இல்லை. அப்படியே நின்றுவிடலாம் போல இருந்தது.

யாரோ பின்னாலிருந்து நெருக்கியதில் ராமலெட்சுமிக்குக் கால் வழுக்கிவிட்டது. "மதினி!" என்று கத்தினாள். நான் சட்டென்று திரும்பிக் கையை நீட்டினேன். அவள் அந்தப் பக்கம் பார்த்துக் கத்தியிருக்கிறாள். பேச்சி அதற்குள் அவளைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தாள். நீட்டிய கையை நான் முகத்துத் தண்ணீரை வழிப்பது மாதிரி மடக்கிக்கொண்டேன். இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

திரும்பி வரும்போது ஆதி ஈரத்தலையோடு ஆட்டோவில் என் மேல் சாய்ந்து உட்கார்ந்தான். தண்ணீர் இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை என்றான். அவன் அப்படிச் சாய்ந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்தது அது.

8

இன்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில் தம்பிக்குப் போன் போட்டேன். கல்யாண நாள் வாழ்த்து சொல்லாமல் இருக்க முடியுமா? மனசுக்குள் ஒரு தீர்மானமும் பண்ணியிருந்தேன். இந்தப் பெண்ணிடம் நாம் உரிமையோடு பேசினால்தானே அவளுக்கும் உரிமை வரும், வெளியாள் மாதிரி நாமே ஒதுங்கி நின்றால் எப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

ராமலெட்சுமிதான் எடுத்தாள். பின்னால் எண்ணெய் காய்கிற சத்தம், வாணலியில் எதையோ போடுகிற சத்தம். கையெல்லாம் மாவாக இருந்திருக்கும். யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்காமலே போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும்.

"நான் மதினி பேசுதேன் தாயி" என்றேன்.

"சொல்லுங்க மதினி" என்றாள். எவ்வளவு சுவாதீனமான குரல்! ஒரு நிமிஷம் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் அதே மூச்சில், "இப்பதான இங்கன இருந்து பஸ் ஏறப் போனிய? பஸ்ஸ விட்டுட்டியளா? திரும்பி வாங்க, வடை சூடா இருக்கு" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பேச்சி வந்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆமாம், வருகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்ல தாயி" என்றேன். "நான் ஜெர்மனி அக்கா."